சோறு குறைந்த தட்டில் நார்ச்சத்தைக் காப்பது எப்படி?

பொத்துவில் முதல் கல்முனை வரையான கரையோர ஊர்களில், சீனி வருத்தத்தைக் கட்டுப்படுத்தவோ உடல் எடையைக் குறைக்கவோ சோறு, பிட்டு, இடியப்பம், பாண் ஆகியவற்றைக் குறைத்து மீனையும் இறைச்சியையும் முட்டையையும் கூட்டிக்கொள்வோர் சில நாட்களிலேயே மலச்சிக்கலுக்கு ஆளாவதுண்டு. சோற்றைக் குறைத்ததே இதற்குக் காரணம் என்று கருதுவது இயல்பே. எனினும் 100 கிராம் வெள்ளைச் சோற்றில் ஏறத்தாழ 28 கிராம் மாப்பொருள் இருக்க, நார் அரைக் கிராமுக்கும் குறைவாகவே உள்ளது. நார் இருந்தது சோற்றோடு சேர்த்து உண்ட கீரைச் சுண்டலிலும் பருப்பிலும் மரக்கறியிலுமே. சோற்றுக்காகவே கறி என்பது வழக்கமாகிவிட்ட வீடுகளில், சோறு குறையும்போது அவையும் உடன் குறைந்துவிடுகின்றன. ஆகவே சோற்றைக் குறைப்பவர் மரக்கறியை முன்னையிலும் மிகுதியாக உண்ண வேண்டும் என்பதே இவ்வழிகாட்டியின் அடிப்படை.

நார்ச்சத்து என்பது சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலைச் சென்றடையும் தாவரப் பொருளாகும். அதுவும் காபோவைதரேற்று வகையைச் சேர்ந்ததே ஆயினும், சோற்றைப் போலக் குருதியில் குளுக்கோசாகச் சேர்வதில்லை. வெண்டிக்காயின் வழுவழுப்பில் காணப்படும் கரையும் நார், உணவிலுள்ள சீனி குருதியில் கலப்பதைத் தாமதப்படுத்துகிறது. கீரைத் தண்டிலும் காய்த் தோலிலும் மிகுந்துள்ள கரையா நார், மலத்தின் பருமனைக் கூட்டி அதன் நகர்வை எளிதாக்குகிறது. வளர்ந்தவர் ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார் உண்ண வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு 2023ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. நாளொன்றுக்கு 130 கிராமுக்குக் குறைந்த மாப்பொருளைக் கொண்ட உணவுமுறையே பொதுவாகக் குறைந்த மாப்பொருள் உணவு எனப்படுகிறது. இவ்விரு அளவுகளையும் ஒருங்கே எட்டுவதற்கான படிகள் பின்வருமாறு.

படி 1: தட்டின் பங்கீட்டை மாற்றுதல்

மீன், இறைச்சி, முட்டை ஆகியவற்றில் நார் அறவே இல்லை என்பதால், அவற்றை எவ்வளவு கூட்டினாலும் இக்குறை தீராது. தட்டின் பாதியை மரக்கறிக்கும் கீரைக்கும் ஒதுக்கி, கால் பங்கில் மீனையோ இறைச்சியையோ வைத்து, எஞ்சிய காலில் சிறிதளவு தவிடு நீக்காத சிவப்பரிசிச் சோற்றையோ பயறையோ இட்டுக்கொள்வது எளிய முறையாகும். கலியாண வீட்டில் பலர் கூடி ஒரே சஹனில் உண்ணும்போது தம் பங்குச் சோற்றை மதிப்பிடுவது கடினமாகையால், அத்தகைய நாட்களில் வீட்டிலேயே ஒரு கோப்பை கீரைச் சுண்டலை உண்டுவிட்டுச் செல்வது நன்று.

படி 2: மரக்கறியைத் தெரிந்தெடுத்தல்

100 கிராம் வெண்டிக்காயில் 7 கிராம் மாப்பொருளும் 3 கிராம் நாரும், கத்தரிக்காயில் 6 கிராம் மாப்பொருளும் 3 கிராம் நாரும், பாகற்காயில் 4 கிராம் மாப்பொருளும் ஏறக்குறைய 3 கிராம் நாரும் உள்ளன. இங்கு மாப்பொருள் என்ற எண்ணில் நாரும் அடங்கும். போஞ்சி, கோவா, வாழைப்பொத்தி, வல்லாரை, பொன்னாங்காணி, கங்குன் ஆகியனவும் இவ்வரிசையில் வைக்கத்தக்கவை. மாறாக, 100 கிராம் மரவள்ளிக் கிழங்கில் 38 கிராம் மாப்பொருளுக்கு 2 கிராம் நாரே கிடைக்கிறது. சீனி வருத்தத்திற்கு உகந்ததென்று பலரும் நாடும் குரக்கன் மாவில் நார் மிகுதி என்பது உண்மையாயினும், அதன் 100 கிராமில் ஏறத்தாழ 70 கிராம் மாப்பொருளும் இருப்பதால், குரக்கன் பிட்டையும் சோற்றைப் போலவே அளந்து உண்ண வேண்டும்.

படி 3: தேங்காயைப் பிழியாமல் உண்ணுதல்

தேங்காய்ப்பூவைப் பிழிந்து பாலெடுக்கும்போது கொழுப்பு பாலோடு கறிக்குள் செல்ல, நாரில் பெரும்பகுதி சக்கையிலேயே தங்கிவிடுகிறது. 100 கிராம் தேங்காய்ப்பூவில் 15 கிராம் மாப்பொருள் இருப்பினும் அதில் 9 கிராம் நாரே என்பதால், பால்கறிகளைச் சற்றுக் குறைத்துச் சம்பலையும் தேங்காய்ப்பூ தூவிய சுண்டலையும் கூட்டுவது, புதிதாக எதையும் வாங்காமலே நாரைப் பெறும் வழியாகும். தேங்காயில் நிறைவுற்ற கொழுப்பு மிகுதியாக உள்ளதால், கொலஸ்ட்ரோல் உயர்ந்தவர்கள் வைத்தியரின் ஆலோசனைப்படி அளவை வரையறுத்துக்கொள்ள வேண்டும்.

படி 4: பயறு, கச்சான், விதை, பழம்

அவித்த பயறு 100 கிராமில் 19 கிராம் மாப்பொருளும் 7 கிராமுக்கு மேற்பட்ட நாரும் உள்ளன. கௌப்பியும் பருப்பும் இதற்கு அண்மித்தவை. மாப்பொருளை 50 கிராமுக்குள் அடக்கும் கடுமையான முறையைப் பின்பற்றுவோர் இவற்றைச் சில கரண்டிகளோடு நிறுத்த, ஏனையோர் நாளுக்கு அரைக் கோப்பை வரை உண்ணலாம். மாலைத் தேநீரோடு பிஸ்கட்டுக்குப் பதிலாக 30 கிராம் கச்சான் உண்பதால் இரண்டரைக் கிராம் நார் சேரும். பழங்களுள் 100 கிராம் அவகாடோ ஏறத்தாழ 7 கிராமும், கொய்யா 5 கிராமும் நார் தருகின்றன. பைக்கற்றில் வரும் விதைகளை வாங்குவோர் விவரத்தாளைக் கவனிக்க வேண்டும்: அமெரிக்கப் பொருட்களில் காபோவைதரேற்று என்ற எண்ணில் நாரும் அடங்கியிருக்கும், ஐரோப்பியப் பொருட்களில் நார் ஏற்கனவே நீக்கப்பட்டிருக்கும் என்பதால், பின்னதில் மீண்டும் நாரைக் கழிப்பது பிழையான கணக்கைத் தரும்.

படி 5: ஒரு நாளின் கணக்கைப் போடுதல்

காலையில் முட்டையோடு 30 கிராம் தேங்காய்ப்பூ சேர்த்த வல்லாரைச் சம்பல். பகலில் மீனோடு 150 கிராம் வெண்டிக்காய்க் கறியும், மேலும் 30 கிராம் தேங்காய்ப்பூ சேர்த்த கீரைச் சுண்டலும். மாலையில் 30 கிராம் கச்சான். இரவில் இறைச்சியோடு 100 கிராம் பாகற்காயும் 100 கிராம் அவகாடோவும் என்று கொண்டால், காலையிலும் பகலிலுமாகக் கீரை 150 கிராம் சேரும்போது, மொத்த நார் ஏறத்தாழ 25 கிராமை எட்டுகிறது. இவை அனைத்திலும் உள்ள மாப்பொருள் நாரையும் சேர்த்து 40 கிராம் அளவே ஆதலால், 130 கிராம் எல்லையைப் பின்பற்றுவோருக்கு அரைக் கோப்பைப் பயறுக்கும் சிறிதளவு சோற்றுக்கும் இடம் எஞ்சுகிறது.

படி 6: மெல்லக் கூட்டி, நீரருந்துதல்

ஒரே நாளில் நாரை இரட்டித்தால் வயிறு ஊதலும் வாய்வும் உண்டாகும் என்பதால், சில நாட்களுக்கு ஒருமுறை 5 கிராம் அளவில் கூட்டிச் செல்ல வேண்டும். நார் நீரை ஈர்த்தே பணியாற்றுவதாலும், மாப்பொருள் குறைந்த தொடக்க நாட்களில் உடல் நீரையும் உப்பையும் மிகுதியாக வெளியேற்றுவதாலும், வெயில் கடுமையான இக்கரையில் நீரருந்துவதில் தனிக் கவனம் தேவை. நோன்பு மாதத்தில் நோன்பு திறந்தது முதல் ஸஹர் வரை நீரைப் பகிர்ந்து பருகுவதோடு, நீரில் ஊறித் தடித்த கசகசாவைச் சீனியும் சர்பத்தும் சேர்க்காமல் அருந்துவது, நீரையும் கரையும் நாரையும் ஒருசேரத் தரும்.

படி 7: மருந்து உட்கொள்வோர் கவனிக்க வேண்டியவை

இன்சுலின் அல்லது கிளிக்லசைட் போன்ற மாத்திரைகளைப் பெறுவோர், மருந்தின் அளவை மாற்றாமல் சோற்றைக் குறைத்தால், குருதிச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும். ஆதலால் கிளினிக்கில் வைத்தியரிடம் கூறிய பின்னரே உணவை மாற்ற வேண்டும். சிறுநீரக நோயுடையோருக்குக் கீரையிலும் பயறிலும் உள்ள பொட்டாசியம் தீங்காகலாம் என்பதால், அவர்களுக்கு இந்த அளவுகள் பொருந்தா. நீடித்த மலச்சிக்கல், மலத்தில் குருதி, காரணமற்ற எடைக்குறைவு ஆகியன தோன்றினால், நாரை நம்பிக் காத்திராமல் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

இம்முறைக்குத் தனிச் சமையல் தேவையில்லை. வீட்டில் ஒருவர் சோற்றைக் குறைக்க, ஏனையோர் வழக்கம்போல் சோறு உண்ணலாம். எனினும் 6 முதல் 9 வயதுப் பிள்ளைகளுக்கும் நாளொன்றுக்கு 21 கிராம் நார் வேண்டும் என்பதே உலக சுகாதார அமைப்பின் பரிந்துரையாதலால், ஒருவருக்காகப் பெருக்கிச் சமைக்கும் சுண்டலும் மரக்கறியும் முழுக் குடும்பத்திற்கும் உரிய உணவாகின்றன.