முக்கோணத்தில் 1 டிகிரி எங்கே போனது?

கணித ஆசிரியரான நண்பர் ஒருவரின் பள்ளியில் இன்டராக்டிவ் ஒயிட்போர்டு பொருத்தியிருந்தார்கள். அதில் படம் காட்டுவதைத் தவிர வேறு எதுவும் நடக்கவில்லை என்று சொல்லி, ஏழாம் வகுப்பு வடிவியல் பாடத்திற்கு என்னை அழைத்தார். சாஃப்ட்வேர் எஞ்சினியர் என்றால் எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கை!

இந்த போர்டு தனிக் கம்ப்யூட்டர் அல்ல. புரொஜெக்டர் படத்தை அதன்மேல் விழச் செய்கிறது. நாம் தொட்ட இடத்தை போர்டு யுஎஸ்பி கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. சுவர் அளவு மவுஸ் என்று வைத்துக் கொள்ளுங்கள். புரொஜெக்டர் சற்று அசைந்துவிட்டால் தொடும் இடம் ஒன்றாகவும் கோடு விழும் இடம் வேறாகவும் இருக்கும். அப்போது போர்டின் சாஃப்ட்வேரில் காலிபரேஷன் கொடுத்து, திரையில் தோன்றும் குறிகளை வரிசையாகத் தொட வேண்டும். பெரிய டச் பேனல்களில் இந்தத் தொல்லை இல்லை.

நான் பயன்படுத்தியது ஜியோஜீப்ரா. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர் 2001ல் தொடங்கிய சாஃப்ட்வேர். வணிக நோக்கம் இல்லாதவர்களுக்கு இலவசம். 2018 முதல் வந்த தமிழக அரசுப் பாடத்திட்டக் கணிதப் புத்தகங்களில் ‘இணையச் செயல்பாடு’ பகுதியில் பயன்படுவதும் இதுதான். வீட்டில் போர்டு தேவையில்லை, மவுஸ் போதும். பிரவுசரில் ஜியோஜீப்ரா டாட் ஆர்க் சென்று ஜியோஜீப்ரா கிளாசிக்கைத் திறங்கள்.

பாலிகன் டூலை எடுத்து, மேலே ஒன்று, கீழே இடப்புறம் ஒன்று, வலப்புறம் ஒன்று எனக் கிளிக் செய்து, மீண்டும் முதல் புள்ளியிலேயே முடியுங்கள். ஏ, பி, சி முக்கோணம் தயார். ஆங்கிள் டூலை எடுத்து முக்கோணத்தின் உள்ளே கிளிக் செய்தால் மூன்று கோணங்களும் வந்துவிடும். புள்ளிகளைக் கடிகாரச் சுற்றுக்கு எதிர்த்திசையில் வைப்பது முக்கியம். மாறினால் உள்கோணத்திற்குப் பதில் வெளியே 300 டிகிரி போலப் பெரிய எண் வந்து பயமுறுத்தும். பிறகு மூவ் டூலால் ஏதாவது ஓர் உச்சியைப் பிடித்து இழுங்கள். கோணங்கள் மாறிக்கொண்டே இருக்கும்.

வகுப்பில் மாணவர்கள் வரிசையாக வந்து இழுத்தார்கள். கூட்டினால் 180, 180... திடீரென்று ஒரு மாணவி, “சார், 52, 63, 64. கூட்டினால் 179தான் வருது!” என்றாள்.

தவறு என்னுடையது. எண்கள் பெரிதாகத் தெரியட்டும் என்று செட்டிங்ஸில் ரவுண்டிங்கை 0 தசமம் என்று மாற்றியிருந்தேன். உண்மையான அளவுகள் 52.4, 63.4, 64.2. மூன்றின் தசமமும் வெட்டுப்பட்டு 1 டிகிரி காணாமல் போயிற்று. ரவுண்டிங்கை 1 தசமமாக்கிக் காட்டினேன். அவள் விடவில்லை. “அப்போ அதுக்கப்புறமும் தசமம் இருக்குமே?” சரியான கேள்வி! எத்தனை தசமம் வைத்தாலும் அது அளப்பதுதான், நிரூபிப்பது அல்ல.

நண்பர் அங்கேதான் பாடத்தைக் கையில் எடுத்தார். பேரலல் லைன் டூலை எடுத்து, ‘ஏ’ புள்ளியையும் பிசி பக்கத்தையும் தொட்டார். உச்சி வழியாக அடிப்பக்கத்திற்கு இணைகோடு வந்தது. கண்மதிப்பில் ஒரு கோடு வரைந்திருந்தால் ‘பி’யை இழுத்ததும் சாய்ந்துவிடும். டூலால் வரைந்த கோடோ எப்படி இழுத்தாலும் இணையாகவே நிற்கும். கோட்டில் ‘ஏ’க்கு இடப்புறம் ‘டி’, வலப்புறம் ‘இ’ என்று புள்ளிகள் வைத்து, டி, ஏ, பி என்ற வரிசையிலும் சி, ஏ, இ என்ற வரிசையிலும் கோணம் எடுங்கள். முதலாவது ‘பி’ கோணத்திற்குச் சமம், இரண்டாவது ‘சி’ கோணத்திற்குச் சமம். இவை ஒன்றுவிட்ட கோணங்கள், புத்தகத்தில் ஏற்கெனவே படித்தவை. நடுவில் ‘ஏ’ கோணம். மூன்றும் சேர்ந்தால் ஒரு நேர்கோடு!

அந்த மாணவி ‘ஏ’யைப் போர்டின் மேல் விளிம்புவரை இழுத்துப் பார்த்தாள். கை எட்டாததால் பெஞ்ச் ஒன்றை இழுத்துப் போட்டு ஏறினாள். எண்களை அவள் பார்க்கவே இல்லை, கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.