இயந்திரப் பாட்டி

போன மாதம் அறிவியல் டீச்சர் லேப்டாப்பில் ஒரு பழைய அமெரிக்க டிவி நாடகம் போட்டுக் காட்டினாங்க இல்லையா? அன்னிக்கு லீவு போட்டவங்களுக்காக முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

'தி ட்விலைட் சோன்' என்ற தொடரின் 100-வது பகுதி அது. 1962 மே 18-ல் ஒளிபரப்பானது. எழுதியவர் ரே பிராட்பரி. அம்மா இறந்துபோன மூன்று பிள்ளைகளை அவங்க அப்பா ஒரு கம்பெனிக்கு அழைத்துப் போகிறார். பாவாடைத் துணி பார்க்கிற மாதிரி கண், முடி, குரல் எல்லாவற்றையும் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கிறார்கள். இயந்திரப் பாட்டி வீட்டுக்கு வருகிறாள். டாம், கேரன் இரண்டு பேரும் உடனே ஒட்டிக்கொள்கிறார்கள். ஆன் மட்டும் முகம் கொடுத்தே பேசவில்லை.

நம்ம வகுப்பில் பாதிப் பேர் "அவளுக்குத் திமிர்"னு சொன்னீங்க. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆனுக்குக் கோபம் மெஷின் மேல் இல்லை, விட்டுட்டுப் போன அம்மா மேல். இந்தப் பாட்டி மேலயும் ஆசை வச்சு, இவங்களும் போயிட்டா? நான் அஞ்சாவது படிக்கும்போது எங்க அம்மா இறந்தாங்க. சித்தி தலைவார வந்தால் சீப்பைப் பிடுங்கிக்கொள்வேன். இத்தனைக்கும் சித்தி என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை. இப்போ அவங்கதான் ரெட்டை ஜடை போட்டுவிடறாங்க. கொஞ்சம் கோணலாகத்தான் வரும்.

ஒருநாள் ஆன் கோபத்தில் ரோட்டுக்கு ஓடுகிறாள். வேன் வருகிறது. பாட்டி அவளைத் தள்ளிவிட்டுத் தான் அடிபடுகிறாள். கொஞ்ச நேரத்தில் எழுந்துவிடுகிறாள்! இவள் சாகமாட்டாள் என்று தெரிந்த பிறகுதான் ஆன் கட்டிக்கொள்கிறாள்.

நிஜத்தில் மெஷினால் வளர்க்க முடியுமா என்று டீச்சரிடம் கேட்டேன். ஹாரி ஹார்லோ என்பவரின் குரங்கு ஆராய்ச்சியைச் சொன்னாங்க. அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் செய்தது, 1958-ல் வெளியிட்டார். தாயிடமிருந்து பிரித்த குட்டிகளுக்கு இரண்டு பொம்மைத் தாய். ஒன்று வெறும் கம்பி, ஆனால் அதில் பால் புட்டி இருக்கும். இன்னொன்று மெத்தென்று துணி சுற்றியது, பால் கிடையாது. குட்டிகள் பசித்தால் மட்டும் கம்பித் தாயிடம் போய்க் குடித்துவிட்டு, மீதி நேரமெல்லாம் துணித் தாயைப் பிடித்துக்கொண்டே கிடந்தன. பயம் வந்தாலும் அங்கேதான் ஓடின. பால் கொடுப்பதால்தான் குட்டிக்குத் தாய் மேல் பாசம் என்று அதுவரை பலர் நினைத்திருந்தார்களாம்.

ஆனால் அப்படி வளர்ந்த குரங்குகளுக்கு மற்ற குரங்குகளோடு பழகத் தெரியவில்லை. அவற்றில் சில தாயானபோது தன் குட்டியையே அடித்துத் தள்ளின. பாவம், துணித் தாய் திருப்பி அணைக்காதே. நாடகத்துப் பாட்டி அணைக்கிறாள், பதில் பேசுகிறாள். அப்படி ஒரு மெஷின் கதையில்தான் இருக்கிறது.

கடைசியில் பிள்ளைகள் காலேஜுக்குக் கிளம்புகிறார்கள். பாட்டி கம்பெனிக்கே திரும்பிப் போய்விடுகிறாள். சாகாதவளும் போகத்தான் செய்தாள், ஆனால் சொல்லிக்கொண்டு போனாள்.

எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. தனக்கு ஒன்றும் ஆகாது என்று தெரிந்தே வேன் முன்னால் பாய்ந்தாளே, அதைப் பாசம் என்று சொல்லலாமா? எங்க சித்தி பாய்ந்தால் அடிபடும். தெரிந்தவங்க பதில் எழுதி அடுத்த இதழுக்குள் டீச்சரிடம் கொடுங்க.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி