குரலும் படமும் சேர்ந்து வரட்டும்



2019 ஆகஸ்டில் தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. மறு ஆண்டு கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது, நம் வீட்டுப் பிள்ளைகள் பலருக்கும் திரையே வகுப்பறையானது. இன்று கணினி தெரிந்த நம் இளைஞர்களே சிறியவர்களுக்குப் பாடம் தயாரிக்கலாம். அதில் முதலில் கவனிக்க வேண்டியது, சொல்லும் நேரத்தில் அதற்குரிய படம் திரையில் இருக்கிறதா என்பதுதான்.

திரையில் ‘ள’ நிற்கும்போது குரல் ‘ழ’ என்று சொன்னால், பிள்ளை மனதில் அதுவே பதியும். வகுப்பில் ஆசிரியர் உடனே திருத்துவார், செல்போன் திருத்தாது.

முழுப் பாடத்தையும் ஒரே ஒலிப்பதிவாக வைத்தால், முதல் ஸ்லைடில் விழும் தாமதம் கடைசி வரை தொடரும். எனவே:

1. ஒவ்வொரு ஸ்லைடுக்கும் தனித்தனியாகக் குரல் பதியுங்கள்.

2. பவர்பாயிண்டில் ஸ்லைடு மாறும் கணத்தில் குரல் பதிவாகாது. வாக்கியத்தை முடித்து, ஸ்லைடை மாற்றி, புதியது முழுதாக வந்தபின் பேசுங்கள்.

3. ஒரு ஸ்லைடில் நான்கு படங்கள் இருந்தால், பெயர் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக வரச் செய்யுங்கள்.

4. முடிந்ததை வீடியோவாகச் சேமித்து அனுப்புங்கள். எந்தப் போனிலும் நேரம் மாறாது.

5. சரிபார்க்கும்போது புளூடூத் ஹெட்போன் வேண்டாம். அதில் ஒலி சற்றுப் பிந்தி வரும். சரியான பாடமும் தவறாகத் தோன்றும்.

கடைசியாக, ஒரு பிள்ளையிடம் போட்டுக் காட்டி, கேட்கும் பொருளை விரலால் தொடச் சொல்லுங்கள். விரல் தடுமாறும் இடத்தில் பாடத்தைத் திருத்துங்கள். பிள்ளையைக் குறை சொல்லாதீர்கள்.