சிதம்பரத்தில் படிக்கும் மகளுக்கு

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்பு மகளே,

"கடவுள் ஒருத்தி வயிற்றில் பிறப்பாரா?" என்று விடுதித் தோழி கேட்டதும் வாயடைத்துப் போனதாக எழுதியிருக்கிறாய். கலங்காதே. சிதம்பரத்தில் அந்தக் கேள்வி எழாவிட்டால்தான் வியப்பு. சிவன் கருவில் பிறப்பதில்லை என்பது சைவ சித்தாந்தத்தின் உறுதி. 1864இல் அங்கே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர், யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியாருடன் வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்தவர். நம் வேதத்தை நன்றாக வாசித்துவிட்டுத்தான் நம்மை மறுத்தார். அவர் வாசித்த அளவுக்காவது நாம் வாசிக்க வேண்டாமா?

பிறகு பதிலுக்கு நீ 1 யோவான் 5:7ஐக் காட்டினாயாம். இனி அதை வாதத்துக்கு எடுக்காதே. பரலோகத்தில் மூவர் சாட்சி சொல்வதாக வரும் அந்த வசனம் நம் பழைய வேதாகமத் திருப்புதலில் இருக்கிறது. பழமையான கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. அது இல்லாமலே, இயேசு தேவன் என்பதற்கு நம்மிடம் சாட்சி நிறைய உண்டு.

யூதர்களிடமிருந்து தொடங்கு. கர்த்தர் ஒருவரே என்று (உபாகமம் 6:4) காலையும் மாலையும் அறிக்கை செய்கிற மக்கள் அவர்கள். அதனால்தான் கொர்நேலியு தன் காலில் விழுந்தபோது, தானும் மனுஷன்தான் என்று பேதுரு தூக்கிவிட்டார். வெளிப்படுத்தலில் தேவதூதனே வணக்கத்தைத் தடுக்கிறான். ஆனால் உயிர்த்த இயேசுவைத் தன் ஆண்டவர், தன் தேவன் என்று தோமா அழைத்தபோது (யோவான் 20:28) அவர் தடுக்கவில்லை. பரங்கிமலையில் இரத்தசாட்சியாக மரித்தார் என்று நம் பாரம்பரியம் சொல்லும் அதே தோமாதான்.

என்னை அதிகம் ஆட்கொண்டது பிலிப்பியர் 2. முழங்கால் யாவும் தமக்கே முடங்கும் என்று ஏசாயா 45:23இல் கர்த்தர் ஆணையிடுகிறார். தம்மையன்றி வேறு தேவன் இல்லை என்பதும் அதே அதிகாரத்தில்தான். பரிசேயனாக வளர்ந்த பவுல் அந்த வார்த்தையையே எடுத்து இயேசுவின் நாமத்துக்குச் சூட்டுகிறார். சிலுவைக்குப் பின் சுமார் 30 ஆண்டுகளில் எழுதிய நிருபம் அது. 325இல் நிசேயாவில் கூடிய சங்கம்தான் இயேசுவைத் தேவனாக்கியது என்று யாராவது சொன்னால் இதைத் திறந்து காட்டு.

கடினமான வசனங்களை ஒளிக்காதே. பிதா தம்மிலும் பெரியவர் என்று இயேசுவே சொல்கிறார் (யோவான் 14:28). அந்த நாள் குமாரனுக்கும் தெரியாது என்கிறார் (மாற்கு 13:32). தோழி கேட்குமுன் நீயே வாசித்துச் சொல். இவற்றுக்கும் பிலிப்பியர் 2க்கே திரும்பு: தேவ நிலையில் இருந்தவர் தம்மைத் தாழ்த்தி அடிமைக் கோலம் பூண்டார் என்கிறது. பிறப்பது கடவுளுக்குத் தாழ்வு என்று அவள் சொன்னால் மறுக்காதே. அந்தத் தாழ்வை அவர் நமக்காக மனதார ஏற்றார் என்பதுதான் நம் விசுவாசமே. அதைச் சொல்லும்போது குரலை மட்டும் உயர்த்திவிடாதே, மகளே.

பொங்கல் விடுமுறைக்கு அவளையும் அழைத்து வா. பெரியம்மா சைவமாகவே சமைப்பாள். அதற்குள் மாற்கு சுவிசேஷத்தை இருவரும் முழுதாக வாசித்து, எழும் கேள்விகளைக் குறித்து வையுங்கள்.

அன்புடன்,
பெரியப்பா