டிஸ்ட்ரிபியூட்டரைக் கடைசியாகத் தொடுங்கள்

பெட்ரோல் அம்பாசிடரைக் கொண்டுபோய் ‘இழுவை இல்லை’ என்று சொன்னதும் நம் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் முதலில் நடப்பது டிஸ்ட்ரிபியூட்டரின் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்துவதுதான். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை இப்படியும் அப்படியும் திருப்பி, சத்தம் எங்கே ஏறி நிற்கிறதோ அங்கே இறுக்கிவிடுகிறார்கள். இந்தப் பழக்கத்துக்கு ஒரு பிஸ்டனை விலையாகக் கொடுத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், அது டைமிங் வைப்பது ஆகாது. டிஸ்ட்ரிபியூட்டர் தானாக இடம் மாறும் பொருளல்ல. கிளாம்ப் இறுக்கமாக இருந்து, நேற்று வரை நன்றாக ஓடிய வண்டி இன்று சோர்ந்தால், மாறியது வேறு ஏதோ ஒன்று. அதைத் தேடாமல் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினால் ஒரு கோளாறு இரண்டாகிறது. 1980-க்குப் பின் டீசல் அம்பாசிடர் பெருகியதால், ‘அம்பாசிடர் தெரியும்’ என்பவர்களில் பலருக்குத் தெரிந்தது டிஸ்ட்ரிபியூட்டரே இல்லாத எஞ்சின் என்பதையும் நாம் மறந்துவிடுகிறோம்.

பெரும்பாலும் மாறியிருப்பது பாயிண்ட் கேப். 1489 சி.சி. எஞ்சினுக்கு அது 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர், பழைய ஆட்கள் கணக்கில் 15 தவ். கேமில் உரசும் ஃபைபர் தேயத் தேய கேப் குறையும். கேப் குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், தீப்பொறியும் தாமதமாகும். பாயிண்ட் மூடியிருக்கும் கோணம் 60 டிகிரியிலிருந்து 66-க்குப் போனால், திறக்கும் பக்கம் 3 டிகிரி, மூடும் பக்கம் 3 டிகிரி என்று அது பிரிந்துகொள்ளும். டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால் அந்த 3 டிகிரி, கிராங்கில் 6 டிகிரி. இழுவை செத்துப்போக இது போதும். இப்போது டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி அந்த 6 டிகிரியை ஈடுகட்டினால் வண்டி ஓடும். ஆறு மாதம் கழித்து வேறொருவர் புதுப் பாயிண்ட் போட்டுக் கேப்பைச் சரியாக வைப்பார். அந்த நொடியே டைமிங் 6 டிகிரி முன்னால் போய்விடும். இரண்டு பேரும் தத்தம் வேலையைச் சரியாகச் செய்ததாகவே நினைப்பார்கள், ஏற்றத்தில் உடைவது பிஸ்டன். என் கணக்கில் அதிகச் செலவு வைத்த தவறு இது ஒன்றுதான். ஃபீலர் கேஜும் ஏமாற்றும். பழைய பாயிண்டில் ஒரு முகத்தில் சிறு மேடும் மறு முகத்தில் பள்ளமும் விழுந்திருந்தால், கேஜ் அளப்பது மேட்டுக்கும் விளிம்புக்கும் உள்ள தூரத்தை. உண்மையான கேப் அதைவிடப் பெரிது. ஷாஃப்ட் புஷ் தேய்ந்து ஆடினாலோ, நான்கு சிலிண்டருக்கும் நான்கு கேப். அதை எந்தப் பக்கம் திருப்பியும் சரிசெய்ய முடியாது.

‘அந்தக் காலத்து மேஸ்திரிகள் காதால்தானே வைத்தார்கள்?’ என்ற கேள்வி வரும். வைத்தார்கள், வண்டிகளும் ஓடின. ஆனால் அவர்கள் காது பட்டறையோடு நிற்கவில்லை. ஓட்டிப் பார்த்து, டாப் கியரில் மிதித்துக் கேட்டு, திரும்பி வந்து ஒரு நூலளவு பின்வாங்குவார்கள். இன்று அந்த இரண்டாம் பாதி போய்விட்டது. ஐடிலிங்கில் சிலிண்டருக்குள் போகும் கலவை குறைவு, அது மெதுவாக எரியும், ஆகவே அதிக அட்வான்ஸ் கேட்கும். அதனால் திருப்பத் திருப்பச் சத்தம் ஏறுகிறது. ஆளும் சுமையும் ஏற்றி முழுக்க மிதிக்கும்போது சிலிண்டர் நிறைகிறது, எரிதல் வேகமாகிறது, அதே அட்வான்ஸ் அப்போது மிகையாகிறது. நிற்கும் வண்டியில் இனிமையாகக் கேட்கும் சத்தம், ஓடும் வண்டியைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

இன்னொரு வாதம், பெட்ரோலே மாறிவிட்டது, பழைய மேனுவலில் உள்ள எண் இனி எதற்கு என்பது. பாதி நியாயம். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இலேயே போய்விட்டது, இப்போது 20 சதவீத எத்தனால், ஆக்டேனும் கூடியிருக்கிறது. ஆக்டேன் கூடினால் தட்டும் சத்தம் தாமதமாகத்தான் கேட்கும். அதைக் கூடுதல் அட்வான்ஸுக்கான அனுமதி என்று எடுத்துக்கொள்வது தவறு. எத்தனால் கூடினால், ஜெட் மாற்றாத கார்புரேட்டரில் கலவை வற்றும், வற்றிய கலவையில் இழுவை குறையும். அதற்கும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்புகிறவர்களைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கார்புரேட்டரில் பார்க்க வேண்டியதைக் கார்புரேட்டரில் பாருங்கள். மேனுவல் எண், தொடங்க வேண்டிய இடம்.

வேலை ஒன்றும் பெரிதல்ல. கேப், அட்வான்ஸ் வெயிட்டின் அசைவு, வேக்கும் பைப்பில் வெடிப்பு, இந்த மூன்றையும் முதலில் முடியுங்கள். நான்காம் சிலிண்டரின் இரு வால்வுகளும் மாறும் இடத்தில் ஒன்றாம் சிலிண்டர் கம்ப்ரஷனில் இருக்கும். ஹேண்டிலால் ஓடும் திசையிலேயே சுற்றிப் புல்லிக் குறிக்கு வாருங்கள். தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னால் போய் மறுபடி முன்னேறி வாருங்கள், இல்லையேல் செயினின் தொய்வு கணக்கைக் கெடுக்கும். இக்னிஷனைப் போட்டு, பாயிண்ட் வயருக்கும் பாடிக்கும் நடுவே ஒரு 12 வோல்ட் பல்பு. அது எரியத் தொடங்கும் இடத்தில் இறுக்குங்கள். ரோட்டார் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்பினால் அட்வான்ஸ், அதே திசையில் ரிடார்ட். பாயிண்டே வேண்டாம், எலக்ட்ரானிக் கிட் போடலாம் என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை, ஃபைபர் தேய்மானம் அதில் கிடையாது. வெயிட்டும் ஸ்பிரிங்கும் மட்டும் அதே பழையவைதான். நான் பாயிண்டிலேயே இருக்கிறேன். நடுவழியில் நின்றால் ஒரு துண்டு உப்புக்காகிதம் போதும்.

பிறகு ஓட்டிப் பாருங்கள், ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர் வரை போய்வந்து ‘அருமை’ என்று முடித்துவிடாதீர்கள். அந்தச் சமவெளிச் சாலை எந்தத் தவறையும் காட்டிக்கொடுக்காது. நான்கு பேரை ஏற்றிக்கொண்டு தென்காசி, செங்கோட்டை தாண்டி, புளியரையிலிருந்து ஆரியங்காவு ஏறுங்கள். டாப் கியரில் மிதிக்கும்போது லேசாகத் தட்டி உடனே அடங்கினால் அதுதான் எல்லை. தட்டிக்கொண்டே இருந்தால் ஓரங்கட்டி நிறுத்தி, ஒரு டிகிரி பின்னால் வாருங்கள்.