கூடத்தில் அமரும் எல்லாருக்கும் கேட்க வேண்டும்

செராஸில் குடியிருக்கும் அன்பு மகனுக்கு, கிள்ளானிலிருந்து பெரியப்பா எழுதும் மடல்.

வீட்டிற்குப் புதிய தொலைக்காட்சியும் ஒலியமைப்பும் வாங்குவது பற்றித் தொலைபேசியில் கேட்கப்பட்டதற்கு அன்றே விடை சொல்லியிருக்கலாம். ஆயினும் பெருஞ்செலவும் பல்லாண்டுப் பயன்பாடும் உடைய பொருளைக் குறித்து அவசரப் பேச்சில் சொல்வதைவிட எழுத்தில் வைப்பதே நன்று என்பதால் இம்மடல் எழுதப்படுகிறது. முடிவு முழுவதும் செராஸ் வீட்டாருடையது. இங்குச் சொல்லப்படுவன அம்முடிவுக்கு முன் எண்ணிப் பார்க்கத்தக்கவை மட்டுமே.

தெரிவுகள் இரண்டு. ஒன்று, 77 அங்குல ஓஎல்இடி திரையும் அறையின் நாற்புறமும் ஒலிக்கும் பெரிய ஒலியமைப்பும் 24 மாதத் தவணையில் வாங்குவது; மற்றொன்று, 55 அல்லது 65 அங்குல எல்இடி திரையும், பேச்சொலிக்கென நடுவில் தனி ஒலிபெருக்கி கொண்ட சவுண்ட்பாரும் கையிலுள்ள பணத்தில் வாங்குவது. இரண்டுக்கும் நியாயம் உண்டு. எனினும் திரையின் அங்குலக் கணக்கைத் தொடங்குமுன், அக்கூடத்தில் யார் யார் அமரப் போகிறார்கள் என்ற கேள்வியைக் கேட்டுக்கொள்வது முறை; ஏனெனில் மகனின் அம்மா அவ்வீட்டிற்கு வந்து சேர்ந்தபின் கணக்கு மாறிவிட்டது.

திரையைப் பற்றி முதலில் கூறலாம். திரையின் அளவு என்பது மூலைக்கு மூலை எடுக்கப்படும் நீளமாகும். அன்றாடப் பார்வைக்கு அந்நீளத்தைப் போல் ஏறத்தாழ 1.6 மடங்கு தொலைவில் அமர்வது ஏற்றது என்பது பரவலாகக் கைக்கொள்ளப்படும் கணக்கு. அதன்படி 55 அங்குலத்திற்கு 2.2 மீட்டரும், 65 அங்குலத்திற்கு 2.6 மீட்டரும், 77 அங்குலத்திற்கு 3.1 மீட்டரும் வேண்டும். செராஸ் வீட்டுக் கூடத்தில் சோபாவுக்கும் எதிர்ச்சுவருக்கும் இடையே எவ்வளவு இடம் உள்ளது என்பதை அளவுநாடாவே சொல்லிவிடும்.

ஓஎல்இடி என்பது ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் திரை. அணைந்த புள்ளி முழுக்கருமையாக இருப்பதால் இருளறையில் திரைப்படம் பார்க்க அதற்கு நிகரில்லை. எல்இடி எனப்படுவதோ பின்னாலிருந்து வரும் ஒளியைத் திரவப் படிகத்தின் வழியே கசியவிடும் திரை; கருமை சற்றுக் குறைந்தாலும், பால்கனிக் கண்ணாடிக் கதவு வழியே வெயில் பாயும் பகற்பொழுதில் அது குறைந்த விலையில் போதிய வெளிச்சம் தரும். மேலும், ஒரே அலைவரிசையின் சின்னம் நாள்தோறும் பல மணி நேரம் ஒரே மூலையில் நின்றால் ஓஎல்இடி திரையில் அது நிழலாகப் பதிந்துவிடக்கூடும் என்பதையும், தமிழ் அலைவரிசை காலை முதல் இரவு வரை ஓடும் வீட்டில் அது சிறிய செய்தியன்று என்பதையும் கருத வேண்டும்.

ஆனால் திரை எதுவாயினும் இன்று கடையில் கிடைப்பவற்றுள் பெரும்பாலானவை கண்ணை ஏமாற்றுவதில்லை, ஏமாறுவது காதுதான். மலேசியாவில் 1963 டிசம்பர் 28 அன்று தொலைக்காட்சி தொடங்கியபோதும், 1978 டிசம்பர் 28 அன்று வண்ண ஒளிபரப்பு வந்தபோதும், வீடுகளில் இருந்த பெட்டிகள் பருமனானவை. பலவற்றில் ஒலிபெருக்கி பார்ப்பவரை நோக்கி அமைந்திருந்ததால், படம் மங்கலாயினும் செய்தி வாசிப்பவரின் சொல் தெளிவாக வந்து சேர்ந்தது. இன்றைய திரையோ மெலிய மெலிய, ஒலிபெருக்கியும் சிறுத்து, தரையையோ சுவரையோ நோக்கித் திரும்பிவிட்டது. ஆகவே புதிய தொலைக்காட்சியில் படம் வளர்ந்த அளவுக்குப் பேச்சு தேய்ந்துள்ளது.

இதனால் முதலில் துன்புறுவோர் முதியோர். முதுமையில் வரும் செவிக்குறை பெரும்பாலும் உயர்ந்த அதிர்வெண்களில், அதாவது நொடிக்குப் பல்லாயிரம் அதிர்வுகள் கொண்ட கூரிய ஒலிகளில், தொடங்குகிறது. உயிரொலிகளின் வலிமை தாழ்ந்த அதிர்வெண்களில் இருப்பதால் அவை கேட்கும். ஒரு சொல்லை இன்னொரு சொல்லினின்று பிரித்துக் காட்டும் வல்லின ஒலிகளோ, 2,000 அதிர்வுகளிலிருந்து மேற்செல்லும் பகுதியைப் பெரிதும் சார்ந்திருப்பதால், மங்கிவிடும். அதனால் ‘பாட்டு’ என்பதும் ‘காட்டு’ என்பதும் ஒன்றுபோல் ஒலிக்க, பேசுவது கேட்கிறது, ஆனால் விளங்கவில்லை என்னும் நிலை உண்டாகிறது. ஒலியைக் கூட்டினால் தீரும் என்று இளையோர் கருதுவர். ஆனால் கூட்டும்போது பின்னணி இசையும் வெடியோசையும் சேர்ந்தே கூடுகின்றன. போதாக்குறைக்கு, செவிக்குறை உள்ளவர்க்கு மெல்லொலி கேட்காதிருக்க, வல்லொலி மட்டும் திடீரெனத் தாங்க முடியாததாகிவிடுவதும் உண்டு. அப்போது முதியவர் எதுவும் சொல்லாமல் எழுந்து தம் அறைக்குப் போய்விடுகிறார்.

பிரிக்ஃபீல்ட்ஸ் குவாட்டர்ஸ் வீட்டில் நடந்தது இதுவே. அங்கு மகனின் தந்தை தவணையில் வாங்கிய மினி காம்போ என்னும் ஒலிப்பெட்டியின் கதை குடும்பத்தில் அனைவரும் அறிந்தது, விரித்துரைக்கத் தேவையில்லை. எனினும் அதில் மறக்கப்பட்ட பகுதி ஒன்று உண்டு. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்ட ஆயிரக்கணக்கான வாட்ஸ் என்பது பிஎம்பிஓ எனப்படும் அளவு; நொடியின் சிறு பகுதியில் எட்டக்கூடிய உச்சத்தைப் பெருக்கிக் காட்டும் விளம்பர எண்ணே அது. தொடர்ந்து தரக்கூடிய உண்மையான திறன் ஆர்எம்எஸ் என்னும் அளவில் சொல்லப்படுவது. அது மிகக் குறைவாக இருந்தது. தவணை கட்டி முடியுமுன் அப்பெட்டியின் ஒலி நொறுங்கத் தொடங்கியது. அதற்கும் முன்பே பாட்டி தம் சிறு டிரான்சிஸ்டர் வானொலியுடன் சமையலறைப் பலகைக்கு இடம் மாறிவிட்டார். பாட்டிக்குச் சமையலறைதான் பிடிக்கும் என்று வீட்டார் இறுதிவரை சொல்லிக்கொண்டிருந்தனர். பாட்டிக்குப் பிடித்தது கூடம். பிள்ளைகள் நடுவில் அமர்வதே அவருக்குப் பிடித்தது. மகனின் தந்தை நல்ல மனத்தோடுதான் அதை வாங்கினார் என்பதில் ஐயமில்லை; ஆனால் நல்ல மனம் மட்டும் பாட்டியைக் கூடத்திற்குத் திருப்பி அழைத்து வரவில்லை. இப்போது செராஸில் அம்மா மாலையானதும் அறைக்குள் கைப்பேசியில் மின்னல் எஃப்எம் கேட்டுக்கொண்டிருப்பதாக அறிந்ததிலிருந்து கிள்ளானில் மனம் அமைதியாக இல்லை.

ஒலியமைப்பைத் தெரிவு செய்யும் முறை இதிலிருந்தே பிறக்கிறது. திரைப்படத்தின் 5.1 ஒலிக்கலவை என்பது முன்பக்கம் இடம், நடு, வலம், பக்கவாட்டில் இரண்டு என ஐந்து தடங்களும் ஆழ்ந்த ஒலிக்கு ஒரு தடமும் கொண்டது. வசனத்தின் பெரும்பகுதி நடுத்தடத்தில் வைக்கப்படுகிறது. அட்மாஸ் என்பது இதன்மேல் தலைக்கு மேலிருந்தும் ஒலி வருவதாக உணரச் செய்யும் முறை. 2012இல் வெளிவந்த ‘சிவாஜி 3டி’ அம்முறையில் அமைந்த முதல் இந்தியப் படம். இவை திரையரங்கின் பேரொலியை மனத்தில் கொண்டு செய்யப்படுவதால், மெல்லிய வசனத்திற்கும் வெடியோசைக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வு வீட்டுக் கூடத்திற்கு மிக அதிகம். எனவே 3.1 எனக் குறிக்கப்படும், நடு ஒலிபெருக்கி தனியே உள்ள சவுண்ட்பாரும், அதில் பேச்சைத் தூக்கிக் காட்டும் அமைப்பும், ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் இரவுநிலையும் இருந்தால், கூரைவரை ஒலிக்கும் பெரிய அமைப்பைவிட அவ்வீட்டிற்கு அதுவே மிகுந்த பயன் தரும். தொலைக்காட்சியில் இஏஆர்சி என்று குறிக்கப்பட்ட எச்டிஎம்ஐ துளை இருப்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். டிவியின் ஒலி முழுமையாகச் சவுண்ட்பாருக்குச் செல்வது அவ்வழியேதான்.

சப்வூஃபர் எனப்படும் ஆழ்ந்த ஒலிக்கான பெட்டியைப் பற்றி ஒரு சொல். நொடிக்கு 40 அதிர்வுகள் கொண்ட ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 8.6 மீட்டர், அடுக்குமாடியின் சுவரும் தளமும் அதை எளிதில் தடுப்பதில்லை என்பதால் கீழ்வீட்டாரின் உறக்கமும் அதில் அடங்கியுள்ளது. டைல்ஸ் தரையும் வெறுஞ்சுவரும் கண்ணாடிக் கதவும் ஒலியை எதிரொலித்துச் சொற்களைக் குழப்புவதால், கதவுக்குத் தடித்த திரைச்சீலையும் தரைக்கு ஒரு கம்பளமும் இடுவது, விலையுயர்ந்த கருவி தராத தெளிவைத் தரக்கூடும்.

தவணையைப் பற்றி நீட்டிச் சொல்லப் போவதில்லை. வட்டி இல்லை என்று எழுதியிருக்கும் இடத்தில் சேவைக் கட்டணமும் தாமதக் கட்டணமும் எவ்வளவு என்பதைக் கையெழுத்துக்கு முன் படிப்பது போதும். வீட்டுக் கடனும் கார் கடனும் இருக்கும் சம்பளத்தில் மூன்றாவது ஒன்று நுழைவதை அம்மா அறிந்தால் அந்தத் திரையை அவர் மகிழ்ந்து பார்க்க மாட்டார்.

கடைக்குப் போகும்போது, செராஸ் லெஷர் மாலாயினும் புக்கிட் பிந்தாங் லோ யாட் பிளாசாவாயினும், அம்மாவையும் அழைத்துச் செல்வது நலம். விற்பனையாளர் போட்டுக் காட்டும் கடலையும் பந்தயக் காரையும் விடுத்து, தமிழ்ச் செய்தியைப் போடச் சொல்லி, இடையிடையே என்ன சொன்னார்கள் என்று அம்மாவிடம் கேட்டால், எந்த ஒலியமைப்பு ஏற்றது என்பது அங்கேயே தெளிவாகும். அதற்கும் முன்பாகச் செவிப் பரிசோதனை ஒன்று செய்துவிடுவது இன்றியமையாதது. பண்டார் துன் ரசாக்கில் உள்ள துவாங்கு முஹ்ரிஸ் கான்செலர் மருத்துவமனை அவ்வீட்டிற்குத் தொலைவன்று. காது கேட்கும் கருவி தேவையென மருத்துவர் சொன்னால் டிவியை ஒத்திப்போட்டேனும் அதை முதலில் வாங்க வேண்டும்.

இவ்வளவும் கடிந்துரைப்பதாகத் தோன்றினால் பொருட்படுத்த வேண்டா. தந்தையை இழந்தபின் தங்கையின் படிப்பையும் வீட்டையும் ஒருசேரத் தாங்கி, ஒரு நாளும் முகம் சுளிக்காத பிள்ளைக்குத் தன் உழைப்பில் ஒரு பெரிய திரை வாங்கிப் பார்க்கும் உரிமை முழுமையாக உண்டு. 77 அங்குலமே மனத்துக்குப் பிடித்திருந்தால் அதையே வாங்கலாம், அதிலும் பெரியப்பாவுக்கு மகிழ்ச்சியே. எது வாங்கினாலும் சவுண்ட்பாருக்கான பணம் கிள்ளானிலிருந்து வரும்; திரைச்சீலைத் துணியைப் பெரியம்மா லிட்டில் இந்தியாவில் எடுத்துத் தைத்துத் தருவதாகச் சொல்லிவிட்டார். மறுக்க வேண்டா. பெட்டி வந்திறங்கும் நாளைத் தெரிவித்தால், கொமுட்டர் ரயிலில் கே.எல். சென்ட்ரல் வந்து, மூசியம் நெகாரா நிலையத்தில் எம்ஆர்டி ஏறித் தாமான் மிடாவில் இறங்கிக்கொள்ளலாம். வாகனத்தோடு வந்து காத்திருக்க வேண்டியதில்லை. அம்மாவுக்கு நலம் விசாரிப்பு, தங்கைக்கு அன்பு, மகனுக்கு எல்லா நலனும் பெருக ஆசிகள்.

அன்புடன்,
பெரியப்பா