எலுமிச்சை வேகவைத்த மீன்

ஆய்வு மாநாடு ஒன்றன் பயனாகச் சென்ற ஜூலையில் பெரு நாட்டின் தலைநகரான லிமாவில் பத்து நாட்கள் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. இரசாயனம் பயில்பவனுக்கு அந்நகரின் சாப்பாட்டுக் கடைகளே நல்லதொரு சோதனைச்சாலை. அங்கே நான் உண்டவற்றுள், அடுப்பே இல்லாமல் ஆகும் ‘செவிச்சே’ என்னும் மீன் உணவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அது பச்சை மீனா, வெந்த மீனா? இதற்கு விடை தெரிந்துகொண்டு உண்பது நல்லது.

சுர்கியோ சந்தையை ஒட்டிய சிறு கடையொன்றில் அது தயாராவதை அருகில் நின்று பார்த்தேன். கடல்மீனின் சதையைச் சிறு துண்டுகளாக நறுக்கி உப்பிடுகிறார்கள். அதன்மேல் எலுமிச்சம் பழங்களைப் பிழிகிறார்கள். அழுத்திக் கசக்குவதில்லை, கசப்பு இறங்கிவிடுமாம். காரமான மிளகாயும் மெல்லியதாய் அரிந்த வெங்காயமும் சேர்கின்றன. சில நிமிடங்களில், கண்ணாடி போலிருந்த சதை வெளுத்துவிடுகிறது. அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கும் வறுத்த சோளமும் துணையாகத் தட்டு வருகிறது. தட்டில் தேங்கும் சாற்றுக்கு அவர்கள் மொழியில் ‘புலிப்பால்’ என்று பெயர். நம் கதைகளில் புலிப்பால் தேடிக் காட்டுக்குப் போனவர்கள் லிமாவுக்குப் போயிருக்கலாம்! ஊறுகாயில் பழகிய நம் நாவுக்கு அந்தப் புளிப்பும் உறைப்பும் அந்நியமல்ல. மிளகாய் அந்தக் கண்டத்துக்கே உரியது. எலுமிச்சையோ ஸ்பானியர் கொண்டுவந்தது. முன்னாளில் மீனை மணிக்கணக்கில் ஊறவைத்தார்களாம். 1899 முதல் அங்கே குடியேறிய ஜப்பானியரின் வழிவந்த சமையற்காரர்கள் அந்நேரத்தைச் சில நிமிடங்களாகக் குறைத்தனர்.

சதை வெளுப்பது ஏன்? புரதம் என்பது நீண்ட சங்கிலி. தனக்குரிய முறையில் மடிந்து சுருண்டு கிடப்பது. சூடு பட்டால் அந்த மடிப்பு அவிழ்ந்து, சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். முட்டை வெந்து வெளுப்பது இவ்வாறுதான். அமிலமும் இதே வேலையைச் செய்கிறது. நம் வளாகத்துக்கு வெளியே கொதிக்கும் பாலில் எலுமிச்சை பிழிந்து பனீர் எடுக்கிறார்களே, அங்கும் அமிலத்தின் கைவரிசைதான். ஆகவே, புரதத்தைக் கேட்டால் மீன் வெந்தது என்றே சொல்லும்.

கிருமியைக் கேட்டால் என்ன சொல்லும்? 1991-ல் பெருவில் காலரா பரவி, அவ்வாண்டில் மட்டும் 3 லட்சத்துக்கு மேற்பட்டோரைப் பற்றியது; ஏறத்தாழ 2,900 பேர் மாண்டனர். செவிச்சேயின்மேல் பழி விழுந்தது. மீனவர் பிழைப்பு நொடித்தது. பின்னர் ஆராய்ந்தபோது, அசுத்தமான குடிநீரே பெருங்குற்றவாளி என்று தெரிந்தது. காலராக் கிருமி அமிலத்தைத் தாங்கமாட்டாதது. அதற்காக எலுமிச்சையை முழுதும் நம்பிவிடலாகாது. கடல்மீனில் குடியிருக்கும் அனிசாகிஸ் என்ற புழு எலுமிச்சைச் சாற்றில் சாவதில்லை. நாடாப்புழு வகை ஒன்றும் பெருவின் கடற்கரை மக்களை இவ்வழியாகவே பற்றுகிறது. சூடு கொல்லும், கடுங்குளிரும் கொல்லும். பச்சையாக உண்ணும் மீனை –20 பாகை சென்டிகிரேடில் 7 நாள் உறையவைக்க வேண்டும் என்பது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் விதி. வெண்மை நிறம் இதற்கெல்லாம் சான்று ஆகாது.

2023-ல் யுனெஸ்கோ செவிச்சே மரபைத் தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. பட்டியலைவிட எனக்குப் பிடித்தது அந்தக் கடைகளின் பழைய வழக்கம்: காலையில் கரைக்கு வந்த மீனை நண்பகலில் விற்றுத் தீர்த்து, மாலைக்குள் கதவடைத்து விடுகிறார்கள். அழுகலுக்கு இது நல்ல காவல், புழுவுக்கு அன்று. மீன் முன்பே உறையவைக்கப்பட்டதா என்று விசாரித்து, “ஆம்” என்ற கடையில் இரு முறை உண்டேன். புதுமீனே உயர்ந்தது என்று அங்கு முகம் சுளிப்பவர் உண்டு, சுளிக்கட்டும். கருவுற்றோரும் நோயால் மெலிந்தோரும் உடன் வந்தால், அதே கடையில் மொறுமொறுவெனப் பொரித்த மீனும் சோறும் கிடைக்கும்.